மத்தேயுவின் கையைப் பிடித்தது யார்? - மூன்று வேதங்கள், மூன்று 'அருளப்பட்ட' கதைகள்!

ரோம் நகரில் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி என்று ஒரு தேவாலயம். அங்குள்ள ஒரு சிற்றாலயத்தின் பீடத்துக்கு மேலே வைக்க, புனித மத்தேயு நற்செய்தி எழுதும் காட்சியை வரைந்து தரச் சொல்லி ஓவியர் கரவாஜியோவிடம் கேட்டார்கள். 1602-ல் அவரும் வரைந்து கொடுத்தார். பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி.

படத்தில் இருந்த மத்தேயு, வயலிலிருந்து நேராக எழுந்து வந்தவர்போல இருந்தார். வழுக்கைத் தலை, தடித்த கால்கள், பார்ப்பவரின் முகத்துக்கு நேரே நீட்டிய வெறும் பாதம். மடியில் ஒரு பெரிய புத்தகம். அதில் என்ன எழுதப்படுகிறது என்று அவருக்கே வியப்பு. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் வானதூதர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதச் சொல்லித்தரும் டீச்சர் மாதிரி, மத்தேயுவின் கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஒரு புனிதரை இப்படியா காட்டுவது என்று அந்தப் படத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். கரவாஜியோ இரண்டாவதாக ஒன்று வரைந்தார். அதில் மத்தேயு கண்ணியமான உடையில் இருக்கிறார். பேனா அவர் கையில்தான். தூதர் தலைக்கு மேலே காற்றில் மிதந்தபடி, விரல்விட்டு எண்ணி ஏதோ சொல்கிறார். மத்தேயு திரும்பிப் பார்த்துக் கேட்கிறார். இந்தப் படம்தான் இன்றைக்கும் ரோமில் இருக்கிறது. நிராகரிக்கப்பட்ட முதல் படம் பெர்லின் போய்ச் சேர்ந்து, 1945-ல் போர் முடியும் தறுவாயில் அழிந்துபோனது. நமக்கு மிச்சம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான்.

மறுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் அந்தப் பாதமும் தோற்றமும்தான். எனக்கென்னவோ அந்த இரண்டு படங்களுக்கும் இடையே இருக்கும் பெரிய வித்தியாசம், கை. கடவுள் மனிதனின் கையைப் பிடித்து எழுதவைத்தாரா? காதில் சொன்னாரா? உள்ளத்தில் ஒரு தூண்டுதலை மட்டும் தந்துவிட்டு, 'நீயே எழுது' என்று விட்டுவிட்டாரா?

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றுமே தங்கள் வேதம் இறைவனிடமிருந்து வந்தது என்கின்றன. தமிழில் நாமும் மூன்றுக்கும் 'அருளப்பட்டது' என்று ஒரே வார்த்தையைப் போட்டுவிடுகிறோம். (ஆங்கிலத்து 'இன்ஸ்பிரேஷன்' நம்ம ஊரில் கொரியன் படத்தைப் பார்த்துத் தமிழ்ப் படம் எடுப்பது என்றாகிவிட்டது. அது வேறு கதை!) ஆனால், அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அது புரியாததால்தான், 'உங்க புக்ல இப்படி இருக்கே... எங்க புக்ல அப்படி இல்லையே' என்று வாட்ஸ்அப் குழுக்களில் முடிவே இல்லாமல் சண்டை ஓடுகிறது.

கண்ணீரில் எழுதிய கடைசி வரிகள்

யூதர்களின் தோராவில் 3,04,805 எழுத்துகள் என்பது மரபுக் கணக்கு. ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோராச் சுருளை இன்றும் அச்சடிப்பதில்லை. பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவர் கையாலேயே எழுதுகிறார். ஒரு சுருளை முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். 3,04,805-ல் ஓர் எழுத்து விட்டுப்போனாலும், உடைந்திருந்தாலும், சரிசெய்யும்வரை அந்தச் சுருளை வழிபாட்டில் பயன்படுத்தக் கூடாது.

இவ்வளவு கறார் எதற்கு? தோராவின் ஒவ்வோர் எழுத்தும் சீனாய் மலையின் இறைவனிடமிருந்து மோசே வழியாக வந்தது என்ற நம்பிக்கைதான். 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ், தத்துவ அறிஞர், மருத்துவரும்கூட. யூத நம்பிக்கைகளை 13 கோட்பாடுகளாகத் தொகுத்தவர். அவர் மோசேயை, சொல்லச் சொல்ல எழுதும் ஓர் எழுத்தருக்கு ஒப்பிடுகிறார். அதாவது, சொல் முழுக்க இறைவனுடையது, மோசே எழுதுகோல் பிடித்தவர்.

இங்கேதான் ஒரு சிக்கல். தோராவின் கடைசிப் பகுதியில், கடைசி எட்டு வசனங்கள் மோசே இறந்துபோனதைச் சொல்கின்றன. மோசேதான் எழுதினார் என்றால், தன் மரணத்தைத் தானே எப்படி எழுதியிருக்க முடியும்?

இதை நவீன ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துக் கேட்ட கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். யூத அறிஞர்களே தல்மூதில் இதை எழுப்பியிருக்கிறார்கள். அந்த எட்டு வசனங்களை அடுத்த தலைவரான யோசுவா எழுதினார் என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஏற்கவில்லை. மோசேயின் கையால் எழுதப்படாத எட்டு வசனங்கள் குறைகிற தோரா எப்படி முழுத் தோரா ஆகும் என்பது அவர் வாதம். அவர் தரும் பதில் மனதை என்னவோ செய்கிறது. அதுவரை இறைவன் சொல்ல, மோசே அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி எழுதினாராம். அந்தக் கடைசி எட்டு வசனங்கள் வந்தபோது இறைவன் சொன்னார், மோசே திருப்பிச் சொல்லவில்லை. கண்ணீரோடு எழுதினார்.

சரி, தோராவுக்கு அப்படி. யூத வேதத்தில் மற்ற நூல்களும் இருக்கின்றனவே? தீர்க்கதரிசிகளின் நூல்கள், சங்கீதம், நீதிமொழிகள் எல்லாம்? எல்லாமே புனிதம்தான், ஆனால் ஒரே படியில் இல்லை. மோசே பெற்றது உச்சம். தீர்க்கதரிசிகளுக்குக் கனவிலும் காட்சியிலும் வந்தது அதற்கு அடுத்தது. தாவீதின் சங்கீதம்போன்றவை, பரிசுத்த ஆவியின் துணையோடு மனிதர்கள் சொன்னவை. மைமோனிடிஸ் தீர்க்கதரிசனத்துக்கு 11 படிகள் என்று கணக்கே போட்டுவைத்திருக்கிறார்!

எழுத்துக்கு எழுத்து இறைவனுடையது என்று சொல்லிவிட்டால் அப்புறம் மனிதனுக்குப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். தல்மூதில் வரும் ஓர் அடுப்புக் கதை அதற்குப் பதில் வைத்திருக்கிறது. துண்டு துண்டாகச் செய்து, இடையில் மணல் வைத்துச் சேர்த்த ஓர் அடுப்பு தீட்டுப்படுமா, படாதா என்று அறிஞர்களுக்குள் விவாதம். ரபி எலியேசர் மட்டும் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் எதிர்ப்பக்கம். தான் சொல்வதுதான் சரி என்பதற்கு எலியேசர் சாட்சிகளைக் கூப்பிடுகிறார். மரம் ஒன்று வேரோடு பெயர்ந்து நகர்கிறது. வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது. பாடசாலைச் சுவர் சாய்கிறது. கடைசியில் வானத்திலிருந்து குரலே வந்து, அவர் சொல்வதே சரி என்கிறது. அப்போது ரபி யோசுவா எழுந்து நின்று, தோராவை எங்களிடம் கொடுத்தாகிவிட்டது, அது இப்போது வானத்தில் இல்லை, பெரும்பான்மை முடிவுதான் செல்லும் என்கிறார். இறைவன் என்ன செய்தார் என்றால், பிள்ளைகள் தன்னை ஜெயித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாராம்! கதை அங்கே முடிவதில்லை. எலியேசரை அதே சபை ஒதுக்கிவைத்துவிட்டது என்பதையும் தல்மூது மறைக்காமல் சொல்கிறது.

தொடை முறிந்துவிடுமோ என்ற பாரம்

இஸ்லாத்தில் இதற்குப் பெயர் 'வஹீ'. கி.பி. 610. மக்காவுக்கு அருகே ஹிரா குகையில் தனிமையில் இருந்த 40 வயது நபிகள் நாயகத்திடம் வானவர் ஜிப்ரீல் வந்து, ஓதும்படி சொல்கிறார். தனக்கு ஓதத் தெரியாது என்கிறார் நபி. வானவர் அவரை இறுகக் கட்டியணைத்து விடுவித்து மறுபடி சொல்கிறார். இப்படி மூன்று முறை. பிறகு முதல் வசனங்கள் வருகின்றன. நபி நடுக்கத்தோடு வீட்டுக்கு வந்து, தன்னைப் போர்த்திவிடும்படி மனைவி கதீஜாவிடம் கேட்கிறார். கதீஜா தைரியம் சொல்லி, தன் உறவினர் வரகாவிடம் அழைத்துப்போகிறார். வரகா, பழைய வேதங்களைக் கற்ற கிறிஸ்தவர், பார்வை இழந்த முதியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: மூஸாவிடம் வந்தவரே இவரிடமும் வந்திருக்கிறார். (மோசேதான் அரபியில் மூஸா.) மூன்று மதங்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததுபோல ஒரு காட்சி!

அன்று தொடங்கி, 23 ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குர்ஆன் இறங்கியது. எப்படி வரும் என்று கேட்டவரிடம், சில நேரம் மணியோசை போல வரும், அதுதான் மிகக் கடினம் என்றும், சில நேரம் வானவர் மனித உருவில் வந்து பேசுவார் என்றும் நபி சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. கடுங்குளிர் நாளிலும் அவர் நெற்றியில் வியர்வை வழிந்ததைப் பார்த்ததாக ஆயிஷா சொல்லியிருக்கிறார்.

இதைவிட ஒரு படி நெருக்கமான சாட்சி, எழுத்தர் ஸைத் இப்னு ஸாபித் உடையது. அறப்போருக்குப் போகிறவரும் வீட்டில் தங்கிவிடுகிறவரும் சமமாக மாட்டார்கள் என்ற பொருளில் ஒரு வசனத்தை நபி சொல்லச் சொல்ல ஸைத் எழுதிக்கொண்டிருக்கிறார். அப்போது பார்வையற்றவரான இப்னு உம்மி மக்தூம் வந்து, தன்னால் முடிந்திருந்தால் தானும் போயிருப்பேனே என்கிறார். அந்த நேரம் நபியின் தொடை ஸைதின் தொடைமேல் இருந்தது. வஹீ வந்தது. தன் தொடை நசுங்கிவிடுமோ என்று பயப்படும் அளவுக்குப் பாரம் என்கிறார் ஸைத். இறங்கியது ஒரு சின்னச் சொற்றொடர்தான்: இயலாமை உள்ளவர்களுக்கு விலக்கு.

இதே இப்னு உம்மி மக்தூம் வந்தபோது நபி முகம் சுளித்ததைக் கண்டித்துத்தான் குர்ஆனின் 80-வது அத்தியாயம் தொடங்குகிறது என்பது பரவலான விளக்கம். குர்ஆன் நபியே இயற்றியதாக இருந்தால், தன்னைக் கண்டிக்கும் வசனத்தைத் தானே எழுதி, அதை உலகம் முழுக்க ஓதும்படி வைத்திருப்பாரா என்று முஸ்லிம்கள் இதைக் காட்டிக் கேட்பதுண்டு.

இஸ்லாமிய நம்பிக்கையில் குர்ஆனின் கருத்து மட்டுமல்ல, ஒவ்வோர் அரபுச் சொல்லும் இறைவனுடையது. நபி பெற்றுச் சொன்னவர், இயற்றியவர் கிடையாது. மனதில் தோன்றும் நல்ல உதிப்புக்கு 'இல்ஹாம்' என்று தனிப்பெயர் உண்டு. அது நல்லடியார்களுக்கும் வரலாம், ஆனால் வேதம் ஆகாது. கருத்து இறைவனுடையது, சொல் நபியுடையது என்ற வகைகூட உண்டு. அவற்றை 'ஹதீஸ் குத்ஸி' என்பார்கள். அவையும் குர்ஆனில் சேராது. கோடு அவ்வளவு தெளிவு.

மறந்துபோன பவுல்

இப்போது பைபிளைத் திறப்போம். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஆரம்பத்திலேயே பவுல், கிறிஸ்பு, காயு இருவரைத் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார். அடுத்து, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று ஞாபகம் வந்து சேர்க்கிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனா என்பது தெரியவில்லை என்று முடிக்கிறார். எழுதுகிறவருக்கு மறந்துவிட்டது! அதே கடிதத்தில் திருமணம்பற்றிப் பேசும்போது, இது ஆண்டவருடைய கட்டளை, இது என்னுடைய சொல் என்று தனித்தனியாகப் பிரித்தே சொல்கிறார்.

லூக்கா தன் நற்செய்தியின் தொடக்கத்தில், கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் ஆதியிலிருந்து விசாரித்து வரிசையாக எழுதுவதாகச் சொல்கிறார். ஒரு ரிப்போர்ட்டராக எனக்கு அவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ரோமர் கடிதத்தில், பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு என்பவர் நடுவில் புகுந்து தன் வணக்கத்தையும் சொல்லிவிடுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லும் வரிகூட இருக்கிறது.

அதே கடிதத்தில்தான் வேதம் முழுவதும் 'தெயோநியூஸ்தோஸ்' என்ற வார்த்தையும் வருகிறது. கிரேக்கச் சொல். பைபிளிலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இது இருக்கிறது. நேர்ப்பொருள், கடவுளின் மூச்சால் ஆனது. பேதுருவின் இரண்டாம் கடிதம் வேறொரு படத்தைத் தருகிறது. பரிசுத்த ஆவி கொண்டுசெல்ல, மனிதர்கள் பேசினார்கள் என்பது அதன் கருத்து. அங்கே வரும் வினைச்சொல்தான், அப்போஸ்தலர் நடபடிகளில் புயலில் சிக்கிய கப்பலைக் காற்று கொண்டுசெல்வதற்கும் வருகிறது. காற்று தள்ளுகிறது. கப்பலும் மாலுமியும் அவரவர் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'தேயி வெர்பும்' ஆவணம் இதைத்தான் தெளிவாக்கியது. கடவுள் எழுத்தாளர்களின் திறமைகளைப் பயன்படுத்தினார், ஆனாலும் அவர்கள் உண்மையான ஆசிரியர்கள்தான். புராட்டஸ்டன்ட் சபைகளில் கருத்து பலவிதம். மூலத்தில் எந்தப் பிழையும் இல்லை என்று வலியுறுத்தி 1978-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். அவர்களும்கூட, எழுதியவர்களின் தனித்தன்மையைக் கடவுள் அழித்துவிடவில்லை என்கிறார்கள். கரவாஜியோவின் இரண்டாவது படம்தான்!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பைபிளையும் குர்ஆனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் நம் வழக்கம். ஆனால், முஸ்லிம்களுக்குக் குர்ஆன் எதுவோ, அது கிறிஸ்தவர்களுக்கு பைபிள் இல்லை, இயேசு! கடவுளின் வார்த்தை மனிதனாகப் பிறந்தது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. கடவுளின் வார்த்தை ஓதப்படும் நூலாக வந்தது என்பது இஸ்லாமிய நம்பிக்கை. நான்கு நற்செய்திகளும் அந்த மனிதரைப் பற்றி அவருடைய சீடர் கூட்டம் தந்த சாட்சியங்கள். ஆகவே ஒன்றுக்கு நான்கு இருப்பதில் கிறிஸ்தவருக்குச் சங்கடம் இல்லை. குர்ஆன் சொல்லும் 'இன்ஜீல்' என்பதோ ஈஸா நபிக்கு இறைவன் கொடுத்த வேதம். இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் விவாதம் எங்கேயும் போய்ச் சேராது.

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. கி.பி. 325-ல் நைசீயாவில் கூடிய ஆயர்கள் மோதிக்கொண்ட கேள்வி, கிறிஸ்து படைக்கப்பட்டவரா, என்றென்றும் இருப்பவரா என்பது. சுமார் 500 ஆண்டு கழித்து, 833-ல், பாக்தாத் கலீஃபா அல்-மஃமூன் அறிஞர்களை வரிசையாகக் கூப்பிட்டு விசாரித்த கேள்வி, குர்ஆன் படைக்கப்பட்டதா, என்றென்றும் இருப்பதா என்பது. படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளச் சொன்னது அரசு. அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார். சிறை. அடுத்த கலீஃபா காலத்தில் சவுக்கடி. அவர் கடைசிவரை மசியவில்லை. பின்னாளில் அரசுதான் பின்வாங்கியது.

சுரைக்கொடிக்காக ஒரு கலவரம்

வேதம் எப்படி வந்தது என்ற நம்பிக்கை, அதை வேறு மொழிக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வியில் வந்து முட்டும்.

கி.மு. 3-ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். 72 பேர் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து எழுதியும் எல்லோருடையதும் ஒன்றுபோலவே இருந்தது என்று ஒரு கதை கிளம்பியது. அதாவது, மொழிபெயர்ப்பும் அருளப்பட்டதே! இதை புனித அகுஸ்தீனார் மதித்தார். பைபிளை எபிரேயத்திலிருந்து நேராக லத்தீனில் பெயர்த்த புனித ஜெரோமோ, அந்த அறைகளின் கதையே கட்டுக்கதை என்றார். தீர்க்கதரிசி வேறு, மொழிபெயர்ப்பாளர் வேறு என்பது அவர் கட்சி.

ஜெரோமின் மொழிபெயர்ப்பை வட ஆப்பிரிக்காவில் ஓர் ஆயர் தன் ஆலயத்தில் வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி, அதுவரை மக்கள் கேட்டுப் பழகிய சுரைக்கொடிக்குப் பதிலாக வேறொரு கொடியாக வந்துவிட்டது. அவ்வளவுதான், ஆலயத்தில் ஒரே கூச்சல்! ஆயர் தன் சபையையே இழக்கும் நிலை. இதை அகுஸ்தீனார் ஜெரோமுக்குக் கடிதம் எழுதிப் புகாராகவே சொல்லியிருக்கிறார். படிக்கச் சிரிப்பு வரலாம். ஆனால் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேலை, மதத் துரோகி என்று 1536-ல் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள்.

அவருக்குப் பிறகு கிறிஸ்தவம் மொழிபெயர்ப்பில் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அங்கேயே அச்சடித்தும் முடித்துவிட்டார். இன்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் கையில் வைத்திருப்பது முழுக்கத் தமிழ்ப் புத்தகம். அதுதான் அவருக்கு பைபிள். எபிரேயமோ கிரேக்கமோ தெரியாததால் அவருடைய ஜெபத்தில் குறை ஒன்றும் இல்லை.

முஸ்லிம்களுக்கு அப்படி இல்லை. தொழுகையில் ஓதுவது அரபி மூலமே. சென்னையோ, ஜகார்த்தாவோ, லண்டனோ, அதே ஓசை. ஹைதராபாத் நிஜாமிடம் பணியாற்றிய ஆங்கிலேய முஸ்லிம் பிக்தால், 1930-ல் தன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, தலைப்பிலேயே 'குர்ஆனின் பொருள்' என்றுதான் போட்டார். அப்துல் ஹமீது பாகவியின் புகழ்பெற்ற தமிழாக்கத்தின் பெயர், 'தர்ஜுமதுல் குர்ஆன்'. 'தர்ஜுமா' என்றால் மொழிபெயர்ப்பு. புத்தகத்தின் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள், இது விளக்கம்தான், மூலம் அரபியில் இருக்கிறது என்று.

யூதர்கள் மொழிபெயர்ப்பைப் படிக்கிறார்கள், விளக்கத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆலயத்தில் சுருளை விரித்தால் எபிரேயம்தான். அந்தச் சுருளை எழுதும்போது தவறு நேர்ந்தால், மை காய்ந்ததும் கத்தியால் மெதுவாகச் சுரண்டித் திருத்தலாம். ஆனால், இறைவனின் பெயரை எழுதும்போது தவறினால் சுரண்டவே கூடாது. அந்தத் தோல் தாளையே எடுத்துவிட்டு, வேறு தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும். எடுத்த தாளைத் தூக்கி எறிய முடியாது, பத்திரமாகப் புதைக்க வேண்டும்.

புதைப்பதற்கு முன்னால் சேர்த்துவைக்கும் அறைக்குப் பெயர் 'கெனிஸா'. எகிப்தின் பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படி ஓர் அறை. இறைவனின் பெயர் எங்காவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, எழுத்துள்ள எதையும் அதில் போட்டுவந்தார்கள். பல நூற்றாண்டுகள் யாரும் காலி செய்யவில்லை. 1896-ல் அங்கே போன கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர், தூசிக்கு நடுவே நின்று, ஏறக்குறைய 2 லட்சம் துண்டுகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். வேதப் பிரதிகள், கல்யாண ஒப்பந்தங்கள், வியாபாரிகளின் கடிதங்கள், கடைக்கு வாங்கவேண்டிய சாமான் பட்டியல்கள். அவற்றோடு, எபிரேய எழுத்துகளை எழுதிப் பழகிய சின்னப் பிள்ளைகளின் பயிற்சித் தாள்களும் இருந்தன. சிலவற்றில் எழுத்துகளுக்கு வண்ணம்கூடத் தீட்டியிருக்கிறார்கள்.